செவ்வாய்க்கிழமை ராத்திரி டிக்கெட் போடுங்க!

விமான டிக்கெட் சல்லிசா வாங்குவது எப்படின்னு யாராவது யோசனை சொல்ல ஆரம்பிச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. செவ்வாய்க்கிழமை நடுராத்திரிதான் புக் பண்ணணுமாம். பிரவுசர்ல குக்கீயை எல்லாம் அழிச்சுட்டு இன்காக்னிட்டோவில் தேடணுமாம். நாள், நேரம் எல்லாம் குறிச்சுக் கொடுத்தாச்சு, ராகுகாலம் மட்டும்தான் பாக்கி :-)

விஷயம் இவ்வளவுதான் மக்களே. ஒரு விமானத்துல 180 சீட் இருந்தா அதுக்கு 180 சீட்டுக்கும் ஒரே விலை கிடையாது. பத்துப் பன்னிரண்டு பெட்டியாப் பிரிச்சு வச்சிருப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஓர் எழுத்து, ஒரு விலை. அடிப்பெட்டி தீர்ந்தா அடுத்த பெட்டி. எந்தப் பெட்டியை எப்பத் திறக்கணும், எப்ப மூடணும்னு ஒரு மென்பொருள் கணக்குப் போடுது. நீங்க குக்கீயை அழிச்சா அதுக்கென்ன வந்தது? (நிஜமாவே உதவுற ஒரே ஒரு விஷயம் சொல்றேன். நாலு பேருக்குத் தேடும்போது கீழ்ப்பெட்டியில் மூணு சீட்தான் இருந்தா, பெரும்பாலும் நாலு பேருக்குமே மேல்பெட்டி விலையைக் காட்டும். முதல்ல ஒருத்தருக்குன்னு தேடிப் பாருங்க.)

இந்தக் கணக்குக்கு வயசு ஐம்பதுக்கு மேல. 1972ல் பி.ஓ.ஏ.சி. கம்பெனியில் இருந்த லிட்டில்வுட்ங்கறவர் போட்ட சூத்திரம்தான் ஆரம்பம்: கடைசி நேரத்தில் அதிக விலைக்கு ஆள் வருவான்னு தோணினா இப்ப குறைஞ்ச விலைக்குக் கேக்கறவனுக்கு விக்காதே. பி.காம். படிக்கிறவனுக்கு இதில் ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. கிளம்பிப் போன விமானத்தின் காலி சீட் அழுகின தக்காளி மாதிரி, அடுத்த நாள் விக்க முடியாது. ஏர் டெக்கான் கோபிநாத் ஒரு ரூபாய்க்கு டிக்கெட் வித்தாரே, அந்தப் பெட்டியில் சீட் கொஞ்சம்தான். மிச்சத்தை மத்தவங்க தலையில் கட்டித்தான் ஓட்டணும்.

இதுவரைக்கும் எனக்குச் சண்டை இல்லை. எங்க சண்டைன்னா, அந்தச் சூத்திரத்துக்குள்ள ஓர் அனுமானம் ஒளிஞ்சிருக்கு. கடைசி நேரத்தில் வர்றவன் கோட்டு சூட்டு போட்ட வியாபாரி, கம்பெனி காசு, எவ்வளவு கேட்டாலும் குடுப்பான். முன்னாடியே வர்றவன் உல்லாசப் பயணி, கையைக் கடிக்காம போகப் பாக்கறவன். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அது சரியா இருக்கலாம். வளைகுடாவிலிருந்து திருச்சிக்கு டிக்கெட் தேடறவனுக்கு இது அப்படியே தலைகீழ். அங்க கடைசி நேரத்தில் ஓடி வர்றவன் யாரு? ஊர்ல அப்பா போயிட்டாருன்னு போன் வந்த கொத்தனார்.

என் சித்தப்பா தமாமில் வெல்டர். தாத்தா இறந்த அன்னைக்கு அவருக்குக் கிடைச்ச டிக்கெட் விலை கிட்டத்தட்ட ஒன்றரை மாசச் சம்பளம். பத்து நாள் கழிச்சு அதே ஊருக்கு அதில் பாதிகூட இல்லை. அதனால அவர் பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்தார். கொள்ளி வச்சது எங்க அப்பா. இதை ஒரு நண்பன்கிட்ட சொன்னப்ப, "முன்கூட்டியே புக் பண்ணியிருந்தா..."ன்னு ஆரம்பிச்சு பாதியில் நாக்கைக் கடிச்சுக்கிட்டான். எங்க தாத்தா மூணு மாச நோட்டீஸ் குடுத்துட்டா சாவார்?

வியாபாரம்னா அப்படித்தான், கம்பெனிக்காரன் தர்மசத்திரமா நடத்தறான்னு கேப்பீங்க. ஒத்துக்கறேன். கிங்ஃபிஷர் 2012ல், ஜெட் 2019ல், கோ ஃபர்ஸ்ட் 2023ல் படுத்துச்சு. லாபம் கொழிக்கிற தொழில் இல்லை இது. விமானப் பெட்ரோல் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள்ள வரலை, அதுக்கு மாநிலத்துக்கு ஒரு வாட். ஆனா தர்மத்தை நான் கேக்கவே இல்லையே. சாவுக்குப் போறவனுக்குன்னு தனிக் கட்டணம் ஏர் கனடாவும் டெல்டாவும் வச்சிருக்காங்க. அவங்க என்ன மடமா நடத்தறாங்க?

அதோட போட்டி இருந்தா விலை இறங்கும்னு முதல் செமஸ்டர்லயே சொல்லிக் குடுத்தாங்க. போட்டி எங்க இருக்கு? வெளிநாட்டு ரூட்ல வாரத்துக்கு எத்தனை சீட்டுங்கறதை ரெண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு அளந்து வச்சிருக்கு. மதுரையை அந்த ஒப்பந்தங்களில் சேருங்கன்னு தென்மாவட்டத்துக்காரங்க வருஷக் கணக்கா தொண்டை வறளக் கத்தறாங்க. உள்நாட்டுலயோ பாதிக்கு மேல ஒரே கம்பெனி கையில். 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கூட்டம் கூட்டமா ரத்தாகி விலை எகிறினப்ப, 500 கிலோமீட்டர் வரைக்கும் 7,500 ரூபாய், 1,500க்கு மேல 18,000 ரூபாய்னு அரசாங்கம் உச்சவரம்பு போட்டுச்சு. ஆக, முடியும்! சந்தையில் கை வைக்கக் கூடாதுங்கற தத்துவமெல்லாம் அந்த டிசம்பரில் எங்க போச்சு? விமான நிலையத்தில் டிவி கேமரா நின்னா முடியுது, தமாமில் ஒருத்தன் தனியா நின்னு அழுதா முடியலை.

இன்னொரு அயோக்கியத்தனம் கன்வீனியன்ஸ் ஃபீ. நான் என் போன்ல, என் டேட்டாவில், நானே டைப் பண்ணி டிக்கெட் போடறேன். யாருக்குய்யா இதில் கன்வீனியன்ஸ்? அதுவும் காசு கட்டுற கடைசிப் பக்கத்தில்தான் எட்டிப் பாக்கும். அமெரிக்காவில் 2012லிருந்து கட்டாய வரி, கட்டணம் எல்லாம் சேர்த்த முழு விலையைத்தான் விளம்பரத்தில் போடணும். நம்ம ஊர்லயும் இப்படிச் சொட்டுச் சொட்டா விலை ஏத்தறதை ஏமாத்து வேலைன்னு 2023 நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலே போட்டுச்சு. பட்டியல் பத்திரமா இருக்கு.

சித்தப்பா முதல்ல அவசரத்தில் போட்டு, அப்புறம் ரத்து பண்ணின உள்நாட்டு இணைப்பு டிக்கெட் ஒண்ணு இருந்துச்சு. "நான் ரீஃபண்டபிள், ஒண்ணும் வராது"ன்னு ஏஜென்ட் கையை விரிச்சுட்டார். தப்பு. ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டா இருந்தாலும் விமான நிலையப் பயனாளர் கட்டணத்தையும் அதுமாதிரி வரிகளையும் திருப்பிக் குடுக்கணும்னு டி.ஜி.சி.ஏ. விதி இருக்கு. அதை எடுத்துக் காட்டி எழுதினேன். மூணு மெயில், ரெண்டு போன். சில நூறு ரூபாய் வந்துச்சு.