ஆஸ்பத்திரியில் ‘டிரையல்’ல சேரச் சொன்னா பயப்படணுமா? ஒரு கண் மருந்து ஆய்வின் கதை

கரும்புத் தோகை உரிக்கும்போதோ மக்காச்சோளத் தட்டு அறுக்கும்போதோ கண்ணில் ஒரு சின்னக் கீறல். ‘ரெண்டு நாள்ல சரியாயிடும்’ என்று விட்டுவிடுவார்கள். தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. கீறல் வழியாகப் பூஞ்சை நுழைந்தால் கருவிழியில் புண் வரும், வெள்ளைத் திட்டு படியும். முற்றினால் கருவிழியில் ஓட்டை விழுந்து பார்வையே போகலாம். கொங்குப் பகுதி உட்பட தென்னிந்தியாவில் தோட்டம், காடு என்று உழைப்பவர்களை அதிகம் பிடிக்கும் நோய் இது.

இதற்கு எந்த மருந்து நல்லது என்பதற்கான உறுதியான பதில், கோவை உள்ளிட்ட அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த ஆய்விலிருந்துதான் உலகத்துக்குக் கிடைத்தது.

என்ன போட்டி?

பழைய மருந்து நாடமைசின். 1970களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. ஆனால், கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவாது என்ற குறை உண்டு. புது மருந்து வோரிகோனசோல். ஆய்வகச் சோதனையில் அசத்தியது, கண்ணுக்குள் நன்றாக இறங்கியது. ‘புதுசுதான் பெட்டர்’ என்று பல டாக்டர்கள் அதற்கு மாறிக்கொண்டிருந்தார்கள்.

2010 ஏப்ரலில் ஆய்வு தொடங்கியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் (சான் பிரான்சிஸ்கோ) கூட்டு. 940 பேரைப் பரிசோதித்து 323 பேரைச் சேர்த்தார்கள். யாருக்கு எந்தச் சொட்டு மருந்து என்பது குலுக்கல் மாதிரி முடிவானது. நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை சொட்டு.

ஜெயித்தது பழசு! 2013இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதம் கழித்து நாடமைசின் போட்டவர்களின் பார்வைதான் மேல். ஓட்டை விழுவதும், அவசரமாகக் கருவிழி மாற்ற வேண்டிய நிலையும் அவர்களுக்குக் குறைவு. ஃபியூசேரியம் என்ற பூஞ்சை தாக்கியவர்களிடம் (ஆய்வில் 40%) வித்தியாசம் ரொம்பவே பெரிது. 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நாடமைசின் இடம்பிடித்தது.

அப்போ, புது மருந்து கிடைச்சவங்க கதி?

நியாயமான கேள்வி. சமாளித்து நகர முடியாத கேள்வியும்கூட. எது நல்லது என்று உண்மையிலேயே தெரியாதபோதுதான் இப்படிப் பிரித்துக் கொடுப்பது அறம். தெரிந்துகொண்டே கொடுத்தால் அது குற்றம். அதனால்தான் ஆய்வு நடக்கும்போதே தரவுகளைக் கவனிக்கத் தனிக் குழு இருக்கிறது. இந்த ஆய்வில் 368 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். அந்தக் குழுவின் பரிந்துரைப்படி 323ஓடு நிறுத்திக்கொண்டார்கள். ஆய்வே நடக்காமல் இருந்திருந்தால்? யாரும் எண்ணிப் பார்க்காமலே இன்னும் நிறையக் கண்களுக்குப் புது மருந்து போயிருக்கும்.

கையெழுத்துக்கு முன்னாடி என்ன கேட்கணும்?

சர்க்கரை நோய், புற்றுநோய், இதயம் என்று எந்தத் துறையாக இருந்தாலும் புது மருந்து ஆய்வுக்கு இப்போது 2019ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆஸ்பத்திரி சார்பில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் உடனிருக்க வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் உங்களுக்குத் தரப்பட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

ஆய்வின்போது உடல்நலம் பாதிக்கப்பட்டால் இலவச சிகிச்சை. ஆய்வால் மரணம் என்று உறுதியானால், வயது, நோயின் தீவிரத்தைப் பொறுத்து 2 லட்சம் முதல் சுமார் 73.6 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு. இதைப் படிவத்தில் தேடிப் பாருங்கள். பல பக்கப் படிவத்தில் கண்ணில் படாமல் போவது பெரும்பாலும் இந்தப் பகுதிதான்.

இன்னொன்று, ஆய்வின் சிடிஆர்ஐ பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். அந்த எண்ணை இணையத்தில் போட்டால், யார் பணம் கொடுக்கிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மகனோ மகளோ செல்போனில் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தந்துவிடுவார்கள். நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரமும் படிவத்திலேயே இருக்க வேண்டும். டாக்டரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை அங்கே கேட்கலாம்.