இடுப்பு பிடித்துக்கொண்டால்...

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் சகோதரிகளே, குலை தூக்கும் தம்பிமார்களே, தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் பட்டணத்து வாசகர்களே! இம்முறை உங்கள் இடுப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

குனிந்தவர் நிமிர முடியாமல் "அம்மாடி" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? பாயை விரித்துப் படுக்க வைக்கிறோம். "அசையாதே, எலும்பு விலகியிருக்கும்" என்று பயமுறுத்தவும் செய்கிறோம். முன்பெல்லாம் டாக்டர்களே வாரக்கணக்கில் படுக்கச் சொன்னதுண்டு. இன்று சொல்வதில்லை. படுத்தே கிடந்தால் தசை இறுகி வலுவிழக்கும், எழுந்து நடக்கவே பயம் வரும், வலி நீளும். நாட்கூலிக்காரருக்குச் சம்பளமும் போகும்.

சாதாரண இடுப்பு வலிக்குப் பின்னால் பெரும்பாலும் எலும்பு முறிவோ கொடிய நோயோ இருப்பதில்லை. பலருக்கும் சில வாரங்களில் தணிந்துவிடும். எக்ஸ்ரே எடுத்தே தீரவேண்டும் என்று டாக்டரிடம் அடம் பிடிக்காதீர்கள்.

வலி கடுமையாக இருக்கும் ஓரிரு நாள் சற்று ஓய்ந்திருங்கள். அப்போதும் இடையிடையே எழுந்து வாசல்வரை நடங்கள். வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்ளலாம். தைலம் தேய்ப்பதில் தவறில்லை. ஆனால் பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்கிறோமே, அந்த வைத்தியம் மட்டும் வேண்டாம்!

வேலைக்குத் திரும்பியதும் மண்டோரிடம் சொல்லிச் சில நாள் இலகுவான வேலை கேளுங்கள். முற்றிய மரத்துக் குலை 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். அதைக் கையை நீட்டித் தூக்கினால் பாரமெல்லாம் இடுப்பில்தான் இறங்கும். உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். உதிரிப் பழம் பொறுக்குகிறவர்கள் ஒரு முழங்காலை ஊன்றிக்கொள்ளலாம். சாக்கைப் பாதி நிரப்பினால் நடை கூடும்தான், இடுப்பு பிழைக்கும். தைக்கிறவர்கள் அரைமணிக்கொரு தரம் எழுந்து நாலடி நடக்கவேண்டும்.

கடையில் விற்கும் இடுப்புப் பட்டையை வாங்குமுன் யோசியுங்கள். நாட்பட்ட இடுப்பு வலி பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி அதைப் பரிந்துரைக்கவில்லை. சந்தையில் பெயர் தெரியாத மாத்திரையை விழுங்கிவிட்டு "ஒரே நாளில் போச்சு" என்பவர்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். அத்தகைய சில மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைச் சொல்லாமல் எந்த வலி மாத்திரையும் வாங்கக்கூடாது.

சில வலிகளை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. சிறுநீர் இறங்காமலோ அடக்க முடியாமலோ போனால், தொடையிடுக்கு மரத்துப்போனால், கால் வலுவிழந்தால் அன்றே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். காய்ச்சலோடு வலித்தாலும், விழுந்து அடிபட்டு வலித்தாலும், காரணமின்றி உடம்பு இளைத்தாலும் டாக்டரைத் தாமதிக்காமல் பாருங்கள்.

வேலையிடத்தில் வழுக்கி விழுந்தோ, பாரம் தூக்கும்போதோ அடிபட்டால் அன்றைக்கே நிர்வாகத்திடம் சொல்லிப் பதிந்து வையுங்கள். கிளினிக் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். 1971-இல் தொடங்கிய சொக்சோவில் பின்னால் உதவி கோர நேர்ந்தால் அந்தத் தாள்களைத்தான் முதலில் கேட்பார்கள்.