வரிசை கூடினால் விளைச்சல் கூடுமா?

மக்காச்சோளக் கதிர் ஒன்றைக் குறுக்கே உடைத்து, மணிவரிசைகளை எண்ணிப் பாருங்கள். 12, 14, 16 என்று ஏறக்குறைய எப்போதும் இரட்டைப்படையாகவே வரும். இதற்குக் காரணம் பூவின் அமைப்பு. கதிரில் சிறுகதிர்கள் இணை இணையாகத் தோன்றுகின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு பூக்கள் அரும்பினாலும், கீழ்ப்பூ கருகிப்போய் மேல்பூ மட்டுமே மணி பிடிக்கிறது. ஆகவே ஓர் இணைக்கு இரண்டு மணிகள், இரண்டு வரிசைகள்.

இந்தப் பூக்கள் தொடக்கத்தில் இருபால் பூக்களே. பிறகு உச்சியில் உள்ள ஆண் பூங்கொத்தில் சூலகம் அழிகிறது. கதிரில் மகரந்தத் தாள்களின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. சூலகம் அழிவதற்கு ஜாஸ்மோனிக் அமிலம் வேண்டும். அதன் உற்பத்தியில் பங்குள்ள ‘டாசல்சீட் 1’ மரபணு பழுதானால், செடியின் உச்சியிலேயே, மகரந்தத்தைப் பிடிக்கும் பட்டிழை விட்டு மணி பிடிக்கும்.

ஆணும் பெண்ணும் இப்படித் தனித்தனி இடத்தில் இருப்பதால், ஆண் பூங்கொத்தைக் கிள்ளிவிட்டாலே அந்தச் செடி பெண் பெற்றோராகிவிடும். மக்காச்சோளத்தில் வீரிய ஒட்டு விதை உற்பத்தி எளிதானதற்கு இது முக்கியக் காரணம். ஆணும் பெண்ணும் ஒரே சின்னஞ்சிறு பூவுக்குள் அடங்கிய நெல்லில் அந்த வசதி இல்லை.

கதிருக்குத் திரும்புவோம். பூவின் அமைப்பே வரிசைகளைத் தீர்மானிக்கிறது என்றால், அவற்றைக் கூட்ட முடியாதா? முடியும். கதிரின் வளர்நுனி வரம்பு மீறிப் பெருக்காமல் தடுக்கும் மரபணுக்களில் ஒன்று ‘ஃபேசியேட்டட் இயர் 2’. அது முற்றிலும் செயலிழந்தால் கதிர் தட்டையாக விரிந்து, வரிசைகள் குலைந்துபோகின்றன. ஆனால் அதன் செயல் ஓரளவு மட்டுமே குறைந்த வடிவங்களில், கதிரின் உருவம் கெடாமலே வரிசைகள் கூடியதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அணைப்பதைவிட அளவோடு குறைப்பதே பலன் தருகிறது. மரபணுத் திருத்தத்திலும் மரபணுவையே முடக்காமல், அதன் இயக்கத்தை ஆளும் பகுதியை மாற்றிப் பார்ப்பது இதனால்தான்.

ஆனாலும் வரிசை மட்டுமே விளைச்சல் ஆகாது. மணிகள் பெருகும்போது ஒவ்வொன்றின் எடையும் குறையக்கூடும். பூக்கும் தருணத்தில் வறட்சி வந்தால் பட்டிழை தாமதமாக வெளிவரும். அதற்குள் மகரந்தம் தீர்ந்துபோனால் எத்தனை வரிசை இருந்தும் கதிர் பொக்காகும். மெக்சிகோவிலுள்ள சிம்மிட் ஆய்வு மையம், மகரந்தம் உதிர்வதற்கும் பட்டிழை வெளிவருவதற்கும் இடையிலான இந்த இடைவெளி குறைந்த செடிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, வறட்சியைத் தாங்கும் ரகங்களுக்கு வழி வகுத்தது.

எனவே ‘விளைச்சல் மரபணு கண்டுபிடிப்பு’ என்ற செய்தியைப் பார்த்தால், கூடியது வரிசையா, ஏக்கருக்கான மணி எடையா என்று கேளுங்கள். மழை குறைந்த பருவத்திலும் அந்த எடை நின்றதா என்றும் கேளுங்கள். வயலில் பல பருவம் சோதித்த பிறகே அதற்குப் பதில் கிடைக்கும்.