ஈரல் சோதனைக்கு ஒரு நாள் கூலி



2021 ஜூலையில் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் கோவிட் நோயாளிகளுக்குப் படுக்கை போதாமற் போனதைப் போர்ட் கிள்ளான் வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். 'ஈரலில் பழைய கிருமி உண்டா?' என்று டாக்டர் அன்று கேட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்லியிருப்போம்?

ஹெப்பட்டைட்டிஸ் பி, சி கிருமிகள் வலியே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் ஈரலில் தங்குபவை. அவை இருப்பதாலேயே கோவிட் வந்தால் சாவுதான் என்று கிலி கொள்ள வேண்டாம். பல நாடுகளில் கண்ட அனுபவம் அப்படிக் கூறவில்லை. ஆனால் கிருமி அரித்து ஈரல் சுருங்கிப் போனவர்களிடையே உயிர்ச்சேதம் மிகுதி. மேலும், மூச்சுத் திணறலுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து உறங்கும் பி கிருமியைத் தட்டி எழுப்பக்கூடும். முன்பே தெரிந்திருந்தால் டாக்டர் காப்பு மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்.

இந்நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு பி தடுப்பூசி வந்தது 1989இல்தான். இதை எழுதுகிறவன் ஓராண்டில் அதைத் தவறவிட்டவன். சி கிருமிக்குத் தடுப்பூசி இல்லை. குணமாக்கும் மாத்திரை உண்டு. 2017இல் நம் அரசாங்கம் அந்நியக் கம்பெனியின் பேட்டண்டுக்கு அஞ்சாமல் மலிவு மருந்துக்கு வழி செய்து, 2018 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அதை இலவசமாக்கியது. பாராட்டுகிறோம்.

மருந்திருந்து என்ன? காய்ச்சலில்லாமல் ரத்தம் சோதிக்கப் போகிற பால்வெட்டுக்காரன் அன்றைய கூலியை இழக்கிறான். பிரட்டுக் களத்திலேயே சோதனை நடக்கட்டும். இல்லையேல் நிர்வாகம் அந்நாட் சம்பளத்தைத் தரட்டும். முடிவு தொழிலாளிக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரிய வேண்டும். ஆபீஸ் மேசைக்கு வரக்கூடாது, கிராணியாகிய நாமே சொல்கிறோம். தோட்டக் கமிட்டிகள் 1989க்கு முன் பிறந்தோரின் எண்ணிக்கையை இம்மாத இறுதிக்குள் சங்கத்துக்கு அனுப்புக. அடுத்த பேச்சுவார்த்தையில் மேசைமேல் வைப்போம்.