எஞ்சின் சூடாகும் முன் பாருங்கள்

பழைய வாகனத்திற்குக் கடன் கேட்டு வருவோரிடம் பதிவுச் சான்று, காப்பீடு, முந்தைய கடனுக்கான தடையின்மைச் சான்று ஆகியவற்றைத் தவறாமல் கேட்கிறோம். மதிப்பீட்டாளர் டயரையும் பாடியையும் பார்க்கிறார். கியர்பாக்ஸைப் பற்றி அறிக்கையில் பெரும்பாலும் ஒரு சொல்லும் இருப்பதில்லை. இது பெருங்குறை என்றே கருதுகிறோம்.

இசுஸு வி-கிராஸ் போன்ற தானியங்கி கியர் பிக்அப்கள் இப்போது பழைய வாகனச் சந்தைக்கும் வருகின்றன. விற்பவர் எஞ்சினை முன்னரே ஓடவிட்டு வைத்திருந்தால் ஐயம் கொள்ளுங்கள். சில பழுதுகள் குளிர்ந்த நிலையில்தான் தெரியும். பிரேக்கை அழுத்தியபடி ‘டி’, ‘ஆர்’ நிலைகளுக்கு மாற்றுங்கள். வண்டி ஓரிரு நொடி தயங்கி, பின் வெடுக்கென இழுத்தால் நல்ல அறிகுறியன்று. ஏற்றத்தில் எஞ்சின் சுழற்சி மட்டும் உயர்ந்து வேகம் கூடாவிடில், உள்ளே கிளட்ச் வழுக்கக்கூடும். கியர் எண்ணெய் குறைந்தாலும் இவ்வாறு நேரும் என்பதால், மெக்கானிக்கைக் கொண்டு அதை முதலில் பாருங்கள். எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால் விலை பேசவே வேண்டாம்.

எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதை நம்பலாகாது. பழுதுக் குறியீடுகளை ஸ்கேனர் கொண்டு அழித்துவிட இயலும். அரைமணி நேரம் ஓட்டியபின் மீண்டும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

வண்டி மாதக்கணக்கில் பணிமனையில் நின்றாலும் தவணை நிற்பதில்லை. எனவே மதிப்பீட்டு அறிக்கையில் கியர்பாக்ஸ் சோதனையும் இடம்பெற வேண்டும். கட்டணத்தை வங்கியே ஏற்கலாம் என்றுகூடச் சொல்வோம். எங்கள் கணக்குப் பிரிவினர் சிலர் முகம் சுளிக்கக்கூடும்.