அடுத்து வருபவருக்கு ஓர் அகப்பக்கம்

கோலா கங்சாரில் படித்தவர்களுக்கு அந்த மரத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1877ஆம் ஆண்டில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுள் ஒன்று, மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது. தமிழ்ப்பள்ளியில் படித்தபோது எங்களை வரிசையாக அழைத்துச் சென்று அதைக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் பாட்டியிடம் பெருமையாகச் சொன்னேன். முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய பாட்டிக்கு அது பெரிதாகப் படவில்லை. "ஒத்த மரத்தப் பாத்து என்னடா செய்ய? நெரையில நின்னாத்தான்டா அது தோட்டம்," என்றார்.

நிரை என்றால் என்ன என்று இன்றைய மாணவர்கள் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். தோட்டத்தில் மரங்களைக் கண்டபடி நடுவதில்லை. வரிசை பிடித்து நடுவார்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் இத்தனை நிரை என்று பிரித்துக் கொடுப்பார்கள். பாட்டிக்குக் காய்ச்சல் என்றால் அன்று வேறொருவர் அந்த நிரைக்குப் போவார். விடியுமுன் இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், யாரையும் கேட்காமல் மரத்துக்கு மரம் நடந்துவிடுவார். நிரை பாட்டியின் வசதிக்காக மட்டும் அமைந்ததல்ல. பாட்டி வராத நாளுக்காகவும் அமைந்தது.

கணினித் துறையில் பயிலும் நான் இதை ஏன் இங்கே சொல்கிறேன்? அகப்பக்கம் உருவாக்கும் நம் மாணவர்களிடம் இந்த 'வராத நாள்' பற்றிய எண்ணம் அறவே இல்லை என்பது என் கருத்து. அதற்கு நானே முதற்சான்று.

சென்ற ஆண்டு நான் படித்த தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள், தங்கள் அகப்பக்கத்தைப் புதுப்பித்துத் தருமாறு என்னைக் கேட்டார்கள். தோட்டம் இப்போது இல்லை. மக்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று பிரிந்து போய்விட்டார்கள். யார் எங்கே இருக்கிறார் என்பதைக் காட்டும் ஒரே பட்டியல் அந்த அகப்பக்கத்தில்தான் இருக்கிறது. திறந்து பார்த்தேன். எல்லாக் கோப்புகளும் ஒரே கோப்புறையில் குவிந்து கிடந்தன. 'இண்டெக்ஸ்', 'இண்டெக்ஸ்2', 'இண்டெக்ஸ்_பாரு', 'இண்டெக்ஸ்_பாரு_பெத்துல்' என நான்கு முகப்புக் கோப்புகள். எது உண்மையில் இயங்குகிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆனது. அவற்றுக்கு நடுவே தரவுத்தளத்தின் முழு நகல் ஒன்றும் கிடந்தது. அதன் பெயரை முகவரியில் தட்டினால் உலகில் யாரும் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். முன்னூறுக்கும் மேற்பட்டவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண், அடையாளக் கார்டு எண் எல்லாம் அதில் இருந்தன.

அந்த அகப்பக்கத்தை உருவாக்கியது நான்தான். ஐந்தாண்டுகளுக்கு முன், எஸ்பிஎம் தேர்வு முடிந்த விடுமுறையில், "எப்படியோ இயங்குகிறது" என்ற மகிழ்ச்சியில் செய்தது.

இதில் நடந்தது என்ன என்பதைக் கணினி படிக்காதவர்களும் புரிந்துகொள்ளலாம். இணைய வழங்கியில் ஒரு குறிப்பிட்ட கோப்புறை உலகுக்குத் திறந்திருக்கும். அதில் உள்ள பிஎச்பி கோப்பை யாராவது கேட்டால், வழங்கி அதை இயக்கி, விளைவை மட்டும் அனுப்பும். உள்ளே எழுதிய நிரல் வெளியே தெரியாது. ஆனால் தரவுத்தள நகல், சுருக்கிய கோப்பு போன்றவற்றை இயக்க அதற்குத் தெரியாது. அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். கடவுச்சொல் உள்ள பிஎச்பி கோப்பின் பெயருக்குப் பின்னால் 'பழையது' என்று ஒட்டி வைத்தாலும் பெரும்பாலும் இதே கதிதான். கடையின் அஞ்சடியில் கணக்குப் புத்தகத்தை வைத்துவிட்டு, "யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று உள்ளே போய்த் தூங்குவதைப் போன்றது இது.

இந்தத் தவற்றைத் தடுப்பதற்காகவே பிஎச்பி சட்டகங்கள், அதாவது ஃபிரேம்வொர்க்குகள், தமக்கென ஒரு கோப்புறை அமைப்போடு வருகின்றன. 2011இல் டெய்லர் ஓட்வெல் வெளியிட்ட லாராவெல்லை எடுத்துக்கொள்வோம். 'ஆப்' கோப்புறையில் நம் நிரல். 'ரூட்ஸ்' கோப்புறையில் எந்த முகவரிக்கு எந்த வேலை என்ற வழிகாட்டி. 'ரிசோர்சஸ்' கோப்புறைக்குள் பக்கங்களின் தோற்றம். 'ஸ்டோரேஜ்' கோப்புறையில் இயங்கும்போது உருவாகும் கோப்புகள். 'வெண்டர்' கோப்புறையில் பிறர் எழுதிய நிரல்கள். கடவுச்சொற்கள் '.இஎன்வி' என்னும் தனிக்கோப்பில் இருக்கும். இவை அனைத்தும் உள்வீடு. உலகுக்குத் திறந்திருக்க வேண்டியது 'பப்ளிக்' என்னும் கோப்புறை மட்டுமே. வருகின்ற ஒவ்வொரு வேண்டுகோளும் அதிலுள்ள ஒரே ஒரு முகப்புக் கோப்பின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். 2020இல் வந்த கோட்இக்னைட்டர் 4 பதிப்பும் இதே வழியைப் பின்பற்றுகிறது. பெயர்கள் மாறலாம், வாசல் வேறு, உள்வீடு வேறு என்ற கொள்கை மாறவில்லை.

ஆனால் நம் மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? மலிவான வழங்கியில் இடம் வாங்கி, திட்டம் முழுவதையும் வாசலிலேயே கொட்டிவிடுகிறார்கள். முகவரியில் 'பப்ளிக்' என்ற சொல் அசிங்கமாகத் தெரிகிறது என்று முகப்புக் கோப்பை வெளியே இழுத்துப் போடுகிறார்கள். அப்போது '.இஎன்வி' கோப்பும் வாசலுக்கு வந்துவிடுகிறது. சரியான முறை எளியது. வழங்கியின் திறந்த வாசலை 'பப்ளிக்' கோப்புறைக்குத் திருப்பிவிட வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் திட்டத்தை வாசலுக்கு வெளியே தனிக் கோப்புறையில் வைத்து, 'பப்ளிக்' கோப்புறையின் உள்ளடக்கத்தை மட்டும் வாசலில் வைத்து, முகப்புக் கோப்பில் பாதையைக் காட்டும் சில வரிகளை மாற்றினால் போதும். அரை மணி நேர வேலை.

பெயரிடுவதிலும் ஒழுங்கு வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆங்கிலத்தில் உண்டு, அதை விண்டோஸ் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்தும். வகுப்பின் பெயரும் கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்பது 2013இல் ஏற்கப்பட்ட பிஎஸ்ஆர்-4 விதி. இதை மறந்து ஒரு பொங்கல் விழாவிற்குப் பதிவுப் பக்கம் செய்தேன். என் மடிக்கணினியில் ஓடியது. லினக்ஸ் வழங்கியில் ஓடவில்லை. கோப்பின் பெயரில் முதல் எழுத்தைச் சிறியதாக எழுதியிருந்ததே காரணம் என்று தெரிவதற்குள் இரவு மூன்று மணி ஆகிவிட்டது.

'வெண்டர்' கோப்புறையில் கை வைப்பதும் அப்படித்தான். அது இரவல் வாங்கிய பொருள். அதில் நாம் செய்யும் திருத்தம் அடுத்த புதுப்பிப்பில் காணாமல் போகும். கம்போசர் என்னும் கருவி, பட்டியலைப் பார்த்து அந்தக் கோப்புறையை மீண்டும் உருவாக்கிக் கொடுத்துவிடும். எனவே பாதுகாக்க வேண்டியது பட்டியலைத்தான்.

தமிழ் மொழிக் கழகத்தின் உறுப்பினர்களுக்கு நான் சிறப்பாகச் சொல்ல விரும்புவது மொழிக் கோப்புறையைப் பற்றி. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, பிஎச்பியில் எழுதப்பட்ட மீடியாவிக்கி என்னும் மென்பொருளில் இயங்குகிறது. அங்கே பொத்தான்களிலும் அறிவிப்புகளிலும் காணும் தமிழ்ச் சொற்கள் நிரலுக்குள் கலந்து கிடப்பதில்லை. தமிழுக்கென உள்ள தனிக்கோப்பில் இருக்கின்றன. நிரலாக்கம் தெரியாத தமிழார்வலரும் அந்தச் சொற்களைத் திருத்தலாம். லாராவெல்லிலும் 'லேங்' என்னும் கோப்புறைக்குள் தமிழுக்கு ஓர் இடம் அமைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் தமிழ்த்துறை மாணவர் 'சமர்ப்பி' என்பதை 'அனுப்பு' என்று மாற்றக் கணினித்துறை மாணவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கோப்புறையைச் சரியாகப் பிரித்தால் வேலையையும் பகிர்ந்துகொள்ளலாம்.

"ஐந்து பக்க அகப்பக்கத்திற்கு இத்தனை கோப்புறைகளா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. 1994இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் தம் சொந்தப் பக்கத்திற்காக எழுதிய சிறு கருவிகளே பிஎச்பியின் தொடக்கம். லாராவெல்கூட 2024இல் வந்த 11ஆம் பதிப்பில் தொடக்கக் கோப்புகளைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டது. கோப்புறைகளின் எண்ணிக்கை பெருக வேண்டும் என்று நான் வாதிடவில்லை. எவ்வளவு சிறிய பக்கமாக இருந்தாலும் ஒவ்வொரு கோப்பையும் வைக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இதை யார் பார்க்கலாம்? எனக்குப் பிறகு இதை யார் தேடுவார்? இவ்விரண்டுக்கும் விடை சொல்லும் அமைப்பே போதும்.

பல்கலைக்கழகக் கழகங்களுக்கு இரண்டாம் கேள்வி மிகவும் முக்கியம். நம் செயலவை ஆண்டுதோறும் மாறுகிறது. பொருளாளர் கணக்குப் புத்தகத்தைக் கையெழுத்திட்டு ஒப்படைக்கிறார். அகப்பக்கத்தை உருவாக்கியவரோ பட்டம் பெற்றதும் எல்லாவற்றையும் தம் தலைக்குள் வைத்துக்கொண்டே போய்விடுகிறார். அடுத்து வருபவர் புரியாமல் திகைத்து, புதிதாகத் தொடங்குகிறார். பழைய நிழற்படங்களும் மலர்களும் அதோடு மறைந்துவிடுகின்றன.

ஆகவே ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு முன், புதிய பொறுப்பாளர் தம் கணினியில் அகப்பக்கத்தை முதலிலிருந்து நிறுவிக் காட்டட்டும். கையில் கோப்புறையும், எது எங்கே என்று தமிழில் எழுதிய ஒரு பக்கக் குறிப்பும் மட்டுமே இருக்கட்டும். கடவுச்சொற்களைத் தனியே ஒப்படைக்கட்டும். பழைய பொறுப்பாளர் அருகில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கட்டும். நிறுவ முடிந்தால் ஒப்படைப்பு முடிந்தது. முடியாவிட்டால் தவறு புதியவருடையதல்ல.

என் பழைய வேலையை நான் திருத்திவிட்டேன். அந்த நகலை நீக்கினேன், கடவுச்சொற்களை மாற்றினேன், அடையாளக் கார்டு எண்களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். முன்னாள் மாணவர்களின் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, அந்த நம்பர வச்சி யாரும் ஏதாச்சும் செஞ்சிருப்பானா?" என்று கேட்டார். வழங்கியில் கடைசி ஒரு மாதப் பதிவுகள் மட்டுமே இருந்தன. அதற்கு முன் யார் எடுத்தார், எத்தனை பேர் எடுத்தார் என்று பார்க்க வழியே இல்லை. "தெரியலைங்க ஐயா," என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நண்பர்களே, உங்கள் கணினியில் 'பாரு_பெத்துல்' என்று முடியும் கோப்பு இருந்தால், இந்த மலரைக் கீழே வைத்ததும் அதைத் திறந்து பாருங்கள். நாம் வராத நாளிலும் ஒருவர் நம் நிரையில் நடக்க வேண்டியிருக்கிறது.