வாயிலில் நின்றுபோன கடிதங்கள்

சென்ற கிழமை ஒரு தாயார் எமது கல்லூரி அலுவலகத்திற்கு வந்தார். “மூன்று நாளாகப் பிள்ளை வகுப்புக்கு வரவில்லையாம். ஏன் ஐயா, எங்களுக்கு ஒரு வார்த்தை அறிவிக்கக் கூடாதா?” என்றார். எமக்கு மறுமொழி எழவில்லை. நாள்தோறும் காலை ஒன்பதரை மணிக்கு, வராத மாணாக்கரின் பெற்றோருக்குத் தானாகவே மின்னஞ்சல் அனுப்பும் சிறு நிரலொன்றைப் பைதன் மொழியில் எழுதி வைத்தவர் நாமே. கடிதம் வராவிடின் பிள்ளை வகுப்பில் இருக்கின்றான் என்பதே பெற்றோர் கொண்ட பொருள். அவ்வம்மையாரும் அவ்வாறே நம்பி மூன்று நாள் கவலையின்றி இருந்திருக்கின்றார். மகன் எங்கே பொழுது போக்கினான் என்பது வேறு கதை.

நிரல் எழுதிவைத்த குறிப்பைத் திறந்து பார்த்தோம். மூன்று நாளும் ஒரே இலக்கம்: 535. அஞ்சற் சேவையகம், “நீர் சொன்ன பெயரையும் கடவுச்சொல்லையும் ஏற்கமாட்டேன்” என்று கூறும் மொழி அது. கடிதத்தை அது பார்க்கவேயில்லை, வாயிலிலேயே மறித்துவிட்டது.

இவ்வாயிற்காவல் ஆதியில் இருந்ததன்று. 1982ஆம் ஆண்டில் ஜொன் போஸ்ரெல் வகுத்த அஞ்சல் நெறிமுறையில், ‘நீர் யார்?’ என்று சேவையகம் அத்தாட்சி கேட்கும் வழக்கமே இல்லை. எவரும் எவர் பெயராலும் கடிதம் கொடுக்கலாம். வேண்டாக் கடிதங்கள் பெருகிய பின்னர், 1999இலேதான் அத்தாட்சி கேட்கும் முறை அதனுடன் சேர்க்கப்பட்டது.

இங்கே மாணாக்கர் ஒன்று கவனிக்க வேண்டும். இணைப்பே கிட்டாமை வேறு. அத்தாட்சி மறுக்கப்படுதல் வேறு. இணைப்புக் கிட்டாவிடின் துறை இலக்கத்தைப் பாருங்கள்: 465இல் மறைகுறியாக்கம் முதற்சொல்லிலிருந்தே தொடங்கும், 587இல் வெளிப்படையாகப் பேசத் தொடங்கி, ‘ஸ்ராட்-ரி-எல்-எஸ்’ என்ற கட்டளைக்குப் பின்னரே மறைவு வரும். அக்கட்டளையை மறந்தால் வருவது பெரும்பாலும் 530. எமக்கு வந்ததோ 535. ஆதலின் பாதையில் குற்றமில்லை.

எம் மனத்தில் முதலில் எழுந்த எண்ணம், கடவுச்சொல்லை மாற்றிவிடுவோம் என்பது. நல்ல வேளை, உயர்தர வகுப்பு மாணவனொருவன் தடுத்தான். கூகிளின் ஜிமெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டு மே 30ஆம் திகதியிலிருந்து, வெறும் பெயரும் வழக்கமான கடவுச்சொல்லும் கொண்டு வரும் நிரல்களைத் தனியார் கணக்குகளில் அது ஏற்பதில்லை. ஈரடுக்குச் சரிபார்ப்பை அமைத்த பின், நிரலுக்கென்றே பதினாறு எழுத்துக் கொண்ட ‘செயலிக் கடவுச்சொல்’ ஒன்று பெறவேண்டும். கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினாலோ, அப்பதினாறெழுத்தும் செல்லாக் காசாகிவிடும். பதற்றத்தில் மாற்றுபவர் ஒரு பிழையை இரண்டாக்கிக் கொள்கின்றார்.

அம்மாணவன் நிரலைத் தன் கையால் ஒருமுறை ஓட்டினான். கடிதம் சென்றது! ஒன்பதரை மணிக்குக் கணினி தானே ஓட்டினாலோ 535. அதே நிரல், அதே கணக்கு, அதே கடவுச்சொல் என்றுதானே நினைப்போம்? உரையாடலை முழுவதும் அச்சிட்டு நண்பனுக்கு அனுப்பிக் கேட்கலாமா என்றான். இம்முறை நாம் தடுத்தோம். அவ்வுரையாடலில் கடவுச்சொல் ‘பேஸ்-64’ என்னும் எழுத்துமாற்றத்தில் கிடக்கும். பார்வைக்குப் புரியாத கோலமே தவிர அது பூட்டன்று. எவரும் நொடியில் திருப்பி வாசிக்கலாம். அதற்குப் பதிலாக, கடவுச்சொல்லை அச்சிடாது அதன் நீளத்தை மட்டும் குறிப்பில் எழுதச் செய்தோம். கையால் ஓட்டியபோது நீளம் 16. கணினி தானே ஓட்டியபோது 0.

அப்போதுதான் எமது செயல் நினைவுக்கு வந்தது. நிரலுக்குள்ளே கடவுச்சொல்லை எழுதி வைப்பது தகாதென்று எண்ணி, முந்திய ஞாயிறன்று அதனை நீக்கி, எமது கணக்கின் சூழல் மாறியொன்றில் வைத்தோம். கையால் ஓட்டிப் பார்த்துத் திருப்தியும் அடைந்தோம். ஆனால் ‘கிரொன்’ என்னும் நேரக்காவலன் நாம் உள்நுழையும்போது திறக்கும் அமைப்புக் கோப்புகளைத் திறப்பதில்லை. மிகச் சில மாறிகளோடு வெறுங்கையனாய் வருவான். மாறி காணப்படாவிடின் வெற்றுச்சொல்லைக் கொள்க என்று நிரலில் எழுதியவரும் நாமே. வெற்றுச்சொல்லைச் சேவையகம் மறுத்தது நியாயந்தானே!

இப்பொழுது கடவுச்சொல், உரியவர் மட்டும் வாசிக்கத்தக்க தனிக் கோப்பில் இருக்கின்றது. அதன் முழுப்பாதையும் நிரலில் உண்டு. சொல் வெறுமையாயின் நிரல் உடனே நின்றுவிடும். எனினும் அஞ்சல் பழுதை அஞ்சலாலேயே அறிவிக்க இயலாதல்லவா? ஆகையால் நாள்தோறும் பத்து மணிக்கு அலுவலக எழுதுவினைஞர், வராதோர் தொகையையும் சென்ற கடிதங்களின் தொகையையும் பழைய இடாப்பொன்றில் மையால் எழுதுகின்றார். இரண்டும் ஒவ்வாத நாளில் அவர் ரெலிபோனை எடுக்கவேண்டும். அத்தாயாரின் இலக்கம் அவ்விடாப்பின் முதற்பக்கத்தில் இருக்கின்றது.